மங்கில் பிறக்கும் கொசு
(ரெம்பியா வட்டாரத் தோட்டத் தொழிலாளர், கிராணிமார் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவு)



கொசுவைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரிக்கலாம். ஆனால் விடியற்காலையில் ஒரு கையில் கத்தியும், மறு கையால் கொசுவை அடிக்கும் வேலையுமாக நிரையில் நிற்பவர்கள் நாம்தாமே? கடிப்பது இன்னதென்று தெரிந்திருக்க வேண்டாமா?

கொசுவின் பெயர் தெரியாததால் இந்நாட்டுத் தோட்டங்களில் உயிர்கள் போயிருக்கின்றன. 1901-ஆம் ஆண்டில் கிள்ளானுக்கு மருத்துவராக வந்தவர் மால்கம் வாட்சன். அங்கே காட்டை அழித்து, சதுப்பில் வடிகால் வெட்டியதும் மலேரியா இறங்கிவிட்டது. சரி, இதுதான் வைத்தியம் என்று குன்றுப்பக்கத் தோட்டங்களிலும் காட்டை அழித்தார்கள். அங்கே காய்ச்சல் ஏறியது! காரணம் என்ன? கடலோரத்துக் கொசு அம்புரோசஸ். அது நிழல் தண்ணீரில் வளர்வது. குன்றுப்பக்கத்துக் கொசு மக்குலேட்டஸ். அது வெயில் படும் தெளிந்த ஓடையில் வளர்வது. மரத்தை வெட்டி ஓடைக்கு வெயிலைக் கொடுத்ததே வினையாயிற்று. பிறகு ஓடைகளை நிலத்தடிக் குழாயில் விட்டு, எண்ணெய் தெளித்து அடக்கினார்கள். தெளித்தவர்கள் நம் பாட்டன்மார் போன்ற கூலியாட்களே.

இன்று நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் கொசுவைப் படமெடுத்து, 'இது டெங்கிக் கொசுவா?' என்று கேட்டு அனுப்புகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் வரும் படங்களில் பல, அறைந்து கொன்றவை. நசுங்கிய கொசுவுக்கு எந்தப் பண்டிதரும் பெயர் வைக்க முடியாது. ஒரு சீசாவில் பிடித்து, சற்று நேரம் குளிர்ப்பெட்டியில் வையுங்கள், மயங்கிக் கிடக்கும். வெள்ளைத் தாளில் போட்டு, முதுகை மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், கால்கள் தெரிய ஒரு படம் எடுங்கள். முதுகுப் படம்தான் முக்கியம்.

கறுப்பு உடம்பு, காலில் வெள்ளை வளையம் என்றால் ஏடிஸ். நெற்றியில் ஒற்றை நாமம் இழுத்தாற்போல் முதுகின் நடுவே ஒரே வெள்ளைக்கோடு இருந்தால் அது அல்போபிக்டஸ்; நம் தோட்டத்துக் கொசு. இரு ஓரமும் வளைந்த வெள்ளைக்கோடு, நடுவில் இரண்டு மெல்லிய கோடு என்றால் எகிப்தி. வீட்டோடும் பட்டணத்தோடும் ஒட்டியது. இரண்டும் டெங்கி பரப்பும்.

இனி, பலரும் ஏமாறுகிற கொசு ஒன்று உண்டு. அந்தி வேளையில் கூட்டமாய் வரும், பெரிது, கறுப்பு, வயிற்றின் பக்கங்களில் வெள்ளைத்திட்டு. இதைக் கண்டு 'டெங்கி, டெங்கி' என்று அலறுவார்கள். காலைப் பாருங்கள், வளையம் இராது. ஊசிபோன்ற வாய் கீழ்நோக்கி வளைந்திருக்கும். இது ஆர்மிஜெரஸ், அழுக்குத் தண்ணீரில் பிறப்பது. இது மொய்த்தால் கக்கூசுத் தொட்டியைத்தான் பார்க்கவேண்டும்.

இரவில் காதில் ரீங்காரமிடும் மங்கிய பழுப்புக் கொசு கியூலெக்ஸ். தலையைத் தாழ்த்தி, பின்புறத்தைத் தூக்கிச் சாய்வாக அமர்வது அனோபிலிஸ். சாகடித்த கொசு எப்படிச் சாய்ந்து உட்காரும்? அமர்ந்தபடியே படமெடுத்தால்தான் அது புலப்படும். தலையில் இறகுபோல் அடர்ந்த மயிர் இருந்தால் ஆண்கொசு, அது கடிக்காது.

படம் சொல்லாததும் உண்டு. கொசுவின் உடம்பில் நோய்க்கிருமி இருக்கிறதா என்பதை எந்தப் படமும் காட்டாது. 2018 முதல் இந்நாட்டில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்நாட்டு மலேரியா இல்லை. ஆனால் குரங்கிடமிருந்து வரும் நோலெசி மலேரியா இருக்கிறது. அது ஒரு நாளுக்கு ஒரு முறை இரத்தத்தில் பெருகுவது. விரைவில் ஆளைச் சாய்த்துவிடும். காட்டோரத்தில் வேலை செய்பவருக்குக் காய்ச்சல் கண்டால், கொசுப்படத்தை நீட்டிக்கொண்டிராமல் இரத்தச் சோதனை கேளுங்கள்.

இப்போது மங்குக்கு வருவோம். வெட்டு இல்லாத நாட்களில் மழைத்தண்ணீர் நின்ற மங்கு, ஒற்றை நாமக்காரனுக்குத் தொட்டில். 2006, 2007-இல் கேரளத்து ரப்பர் தோட்டங்களில் சிக்குன்குன்யா பரவியபோது பால் பிடிக்கும் சிரட்டைகளும் இக்கொசுவை வளர்த்தன. 2008-இல் ஜொகூரில் தொடங்கி நம் நாட்டில் அந்நோய் பரவியபோதும் கிராமப்புறங்களில் இதே கொசுதான். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை மங்கின் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தும் பல மாதம் உயிரோடிருக்கும். தேய்த்துத் துடைத்துக் கவிழ்க்கவேண்டும்.

ஒரு நிரையில் எத்தனை மரம், எத்தனை மங்கு என்பது கிராணிமாருக்குத் தெரியும். அத்தனையையும் துடைத்துக் கவிழ்க்க நேரம் ஆகும். அந்த நேரத்துக்குக் கூலி உண்டா? 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொசு வளரவிட்ட இடத்தின் உரிமையாளரோ அதை வைத்திருப்பவரோ பொறுப்பாளி. ஆகவே இது நிர்வாகத்தோடு பேசவேண்டிய வேலை, தொழிலாளியின் ஓசிவேலையன்று. பேசப்போகும்போது மங்கில் நெளியும் புழுவின் படத்தையும் எடுத்துச் செல்வோம். தேதியும் நிரை எண்ணும் எழுதியிருக்கட்டும்.

மேசைமேல் மூன்று சீசாக்கள் வைத்திருக்கிறோம். மூடியைத் திறக்காமல், ஒவ்வொருவராக வந்து முதுகைப் பார்த்துவிட்டுப் போங்கள்.