கிராமத்தில் மகளிர் நாள் நடத்துவது எப்படி?
(உழவர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாற்றின் வயதைப் பார்த்து நடுகிறோம். பயிரின் பருவம் பார்த்து மேலுரம் இடுகிறோம். பருவம் தவறினால் இட்ட உரம் வீண் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஊரில் மகளிருக்கென்று ஒரு விழா எடுக்கும்போது மட்டும் நாம் பருவத்தையும் பார்ப்பதில்லை, நேரத்தையும் பார்ப்பதில்லை. இன்று அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

முதலில் நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு சிற்றூரில், அக்டோபர் 15ஆம் நாள் ஊரக மகளிர் நாள் விழாவுக்கு ஏற்பாடு செய்தேன். ஐக்கிய நாடுகள் சபை 2008 முதல் கடைப்பிடித்து வரும் நாள் அது. பந்தல், ஒலிபெருக்கி, கோலப் போட்டி, பரிசுகள் எல்லாம் இருந்தன. நேரம் காலை 11 மணி. வந்தவர்கள் வயதான சில தாய்மார்கள் மட்டுமே. மாலையில் சேற்றுக் காலோடு திரும்பிய ஓர் அம்மா என்னிடம் சொன்னார்: "எங்களுக்குத்தான் விழான்னு மைக்குல சொன்னது வயல் வரைக்கும் கேட்டுச்சும்மா. நடவை விட்டுட்டு எப்படி வர்றது?"

அடுத்த முறை மாசி மாதத்தில், மாலை 6 மணிக்கு, மகளிர் குழு வழக்கமாகக் கூடும் இடத்திலேயே கூட்டம் வைத்தோம். சம்பா அறுவடை முடிந்து, உளுந்து பறிப்புத் தொடங்காத நேரம். கோலப் போட்டிக்குப் பதிலாக இரத்தப் பரிசோதனை வைத்தோம். கூட்டம் நிறைந்தது. அன்று ஒரு பெண்ணுக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு 7 கிராம்தான் இருந்தது. அழைத்து வந்த கணவர் தலை குனிந்து, "வேலைக்குச் சுணங்குறான்னு தினமும் ஏசிக்கிட்டு இருந்தேன்" என்றார். மறுநாளே அவர் மனைவியை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்.

இரத்தசோகை ஏன் வருகிறது?

கருவுறாத பெண்ணுக்கு 100 மில்லி இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக் கூடாது. கருவுற்ற பெண்ணுக்கு 11 கிராமுக்குக் குறையக் கூடாது. பொதுவாக 8 கிராமுக்குக் கீழே போனால் அது கடுமையான நிலை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மகளிரில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருந்தது. அதாவது, நடவில் நிற்கும் இரண்டு பெண்களில் ஒருவர் இரத்தக் குறைவோடு குனிந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

மாதவிலக்கிலும் பிள்ளைப்பேற்றிலும் இரும்புச் சத்து இழப்பாகிறது. அசுத்தமான மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு பாதத்தின் வழியே உடலுக்குள் புகுந்து குடலில் இரத்தத்தை உறிஞ்சுகிறது. இவற்றோடு, வீட்டில் எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் வழக்கம். கீரையும் குழம்பும் தீர்ந்து, சோறும் ரசமும் மட்டும் மிஞ்சினால் சத்து எங்கிருந்து வரும்?

இதற்கு வழி எளிது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரையும் பூச்சி மாத்திரையும் இலவசமாகவே கிடைக்கின்றன. செவிலியர் சொன்ன அளவில் விடாமல் சாப்பிட வேண்டும். மலம் கறுத்துப் போனால் பயந்து நிறுத்த வேண்டாம். உணவோடும் மாத்திரையோடும் தேநீர், காப்பி அருந்தக் கூடாது; அவை இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் அது சேர உதவும். தீட்டிய அரிசியைவிடக் கம்பில் இரும்புச் சத்து பல மடங்கு அதிகம். வரப்போரம் ஒரு முருங்கை இருந்தால் கீரைக்குக் காசு வேண்டாம்.

விழா நடத்தும் முறை

1. நாளை மகளிரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். நடவு, களை, அறுப்புக் காலங்களைத் தவிர்த்து விடுங்கள்.

2. மாலை நேரமே ஏற்றது. அன்று அடுப்படியையும் குழந்தைகளையும் மாட்டையும் ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

3. கிராம சுகாதார செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லி, இரத்தம், சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனைகளுக்கு ஏற்பாடு செய்யுங்கள். கிராம சபைக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகவே வையுங்கள்.

4. அளவு குறைந்தவர்களுக்கு அதை எழுதிய சீட்டைக் கையில் கொடுத்து, மூன்று மாதம் கழித்து மீண்டும் பரிசோதிக்க நாள் குறியுங்கள். மறு பரிசோதனை இல்லாத முகாம், விதைத்துவிட்டுத் திரும்பிப் பாராத வயல்.

5. கிராம நிர்வாக அலுவலரையும் வேளாண்மை அலுவலரையும் அழையுங்கள். பட்டா, வங்கிக் கடன், பயிற்சி பற்றி மகளிர் நேரில் கேட்கட்டும்.

கடைசியாகச் சொன்னதை அலட்சியம் செய்ய வேண்டாம். 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பில், நாட்டின் சாகுபடிப் பண்ணைகளில் நூற்றுக்குச் சுமார் 14 மட்டுமே பெண்கள் பொறுப்பில் இருந்தன. வயலில் பாதி வேலை செய்பவரின் பெயர் ஏட்டில் இல்லை. 10 இலட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள நிலத்தையோ வீட்டையோ பெண்கள் பெயரில் பதிவு செய்தால், பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைப்பு என்று 2025 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசு சலுகை அளித்தது. நிலம் வாங்குவோர் சார் பதிவாளர் அலுவலகத்தில் விவரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெண்களைத் தேடி அவர்கள் ஊருக்கே செல்வது நமக்குப் புதிதல்ல. 1986இல் டென்மார்க் நாட்டு உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு வேளாண் மகளிர் திட்டம், சிறு குறு விவசாயக் குடும்பப் பெண்களுக்குப் பயிற்சி அளித்தது. கற்றவர்கள் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய சுய உதவிக் குழுக்கள் இன்று மாநிலமெங்கும் உள்ளன. கூடுவதற்கு அமைப்பு இருக்கிறது. கூடும் நேரத்தை விட்டுக்கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.

பெரியோர்களே, இன்று வீடு திரும்பியதும் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் உள்ள பெண்களின் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பாருங்கள். உட்புறம் சிவக்காமல் வெளுத்திருந்தால், நாளைக் காலை வயலுக்குப் போகுமுன் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். சிவந்திருந்தாலும் ஒருமுறை பரிசோதனை செய்துவிடுவது நல்லது. இரவு உணவுக்கு எல்லோரும் சேர்ந்தே உட்காருங்கள்.