தந்தையின் தொழில் என்ன?

(வானொலி மறையுரை. தொழிலாளரான புனித யோசேப்பு விழாவை முன்னிட்டு. வாசகம்: மத்தேயு 13:54-58)



வருகிற மே முதல் நாளில் தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவைக் கொண்டாட இருக்கிறோம். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1955ஆம் ஆண்டு ஏற்படுத்திய விழா இது. அன்று வாசிக்கப்படும் நற்செய்தியில் இயேசு தம் சொந்த ஊருக்கு வந்து தொழுகைக்கூடத்தில் கற்பிக்கிறார். கேட்டவர்கள் வியக்கிறார்கள். வியந்த கையோடு, இவர் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நம் ஊர் வழக்கமும் அதுதானே! அந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசித்துப் பாருங்கள். தாயின் பெயரைச் சொல்கிறார்கள், மரியா என்று. சகோதரர்களையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்கள். தந்தையின் பெயரை மட்டும் சொல்லவில்லை. அவருடைய தொழிலைச் சொல்கிறார்கள். தச்சர் வீட்டுப் பிள்ளை, அவ்வளவுதான். நாசரேத்து ஊருக்கு யோசேப்பின் தொழிலே யோசேப்பின் பெயராக இருந்திருக்கிறது.

இன்னும் ஒரு மாதத்தில் பள்ளிக்கூடங்கள் திறக்கும். சேர்க்கைப் படிவத்தில் தந்தையின் பெயருக்குக் கீழே தந்தையின் தொழில் என்று ஒரு கட்டம் இருக்கும். மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு பகுதிகளில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பல பிள்ளைகள் அந்தக் கட்டத்தில் யோசிக்காமல் எழுதிய விடை, ஃபோர்டு கம்பெனி. அப்பா வண்டிக்கு பெயின்ட் அடிக்கிறவரா, இஞ்சின் பொருத்துகிறவரா என்றுகூட சில பிள்ளைகளுக்குத் தெரியாது. கம்பெனி பெயர் தெரியும், கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று தெரியும். அது போதுமானதாக இருந்தது.

2021ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் அந்த நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கும் மேல் நட்டம் என்று காரணம் சொன்னது. ஏறத்தாழ 4,000 பணியாளர்கள் பாதிக்கப்படுவார்கள் என்றும் அதுவே கூறியது. திருத்தந்தை பிரான்சிஸ் புனித யோசேப்பின் ஆண்டாக அறிவித்திருந்த ஆண்டு அது. அதற்காக அவர் எழுதிய மடலில் வேலை இழப்பைப் பற்றித் தனியாகவே பேசியிருந்தார். உலகம் முழுவதும் பெருந்தொற்றில் வேலை போய்க்கொண்டிருந்த காலம். நம் மறைமாவட்டத்தின் பேராலயமே புனித யோசேப்பின் பெயரில் இருக்கிறது. அவருடைய ஆண்டிலேயே அவர் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி வந்தது. 2022 மே, ஜூன் மாதங்களில் தொழிலாளர்கள் போராடினார்கள். அந்த ஜூலையில் கடைசி கார் வெளியே வந்தது.

இதே நிறுவனத்துக்குக் குஜராத்தில் சாணந்த் என்ற இடத்திலும் ஆலை இருந்தது. அதை டாடா நிறுவனம் வாங்கியது, அங்கே இருந்த தொழிலாளர்களையும் ஏற்றுக்கொள்ள முன்வந்தது. ஆலை கைமாறியது, ஆட்கள் தங்கினார்கள். இங்கே நடந்தது வேறு. ஆட்கள் போனார்கள், கட்டடம் தங்கியது.

இழப்பீடு வாங்கினார்களே என்று கேட்போர் உண்டு. நம் பங்கிலேயே உண்டு; திருப்பலி முடிந்து வாசலில் நிற்கும்போது காதில் விழும் பேச்சுதான். உண்மை. அப்போது நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம், மூடப்படும் ஆலையின் தொழிலாளிக்கு வேலை செய்த ஆண்டு ஒன்றுக்குப் 15 நாள் சம்பளம் என்று கணக்குச் சொன்னது. போராடியும் பேசியும் அவர்கள் பெற்றது அதைவிடப் பல மடங்கு. அதற்காகத் தொழிற்சங்கத்தைப் பாராட்ட வேண்டும். 1891இல் பதின்மூன்றாம் லியோ தொடங்கி, தொழிலாளர்கள் சங்கமாகக் கூடுவது அவர்களின் உரிமை என்று நம் திரு அவை சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது.

ஆனால் அந்தப் பணத்தைப் பார்க்கிறவர்கள் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஐ.டி.ஐ. முடித்துப் பத்தொன்பது, இருபது வயதில் உள்ளே போனவர்கள், வெளியே வரும்போது நாற்பதைத் தொட்டிருந்தார்கள். சம்பளச் சீட்டைக் காட்டி வீட்டுக் கடன் வாங்கியிருந்தார்கள். தவணை இன்னும் பத்து, பன்னிரண்டு ஆண்டு பாக்கி. மூத்த பிள்ளை கல்லூரியில் சேரும் நேரம். அந்தப் பணம் அவர்களுக்குப் பரிசாக வந்ததல்ல. ஓய்வு பெறும்வரை வாங்கியிருக்க வேண்டிய சம்பளத்தில் ஒரு பகுதி, மொத்தமாக, ஒரே நாளில் வந்தது. மொத்தமாக வருகிற பணத்துக்குக் காது உண்டு போலும், எங்கிருந்தெல்லாமோ கூப்பிடுவார்கள்! மனை வாங்கு என்று ஒருவர், சீட்டில் போடு என்று ஒருவர், தொழில் தொடங்கலாம் பங்கு சேர் என்று ஒருவர். தங்கை வீட்டுத் திருமணத்துக்குக் கைமாற்று கேட்டு ஒருவர். கொடுத்தால் பணம் போகும், மறுத்தால் உறவு போகும். இரண்டும் போன வீடுகளையும் நாம் அறிவோம்.

ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அந்தக் கணக்கும் எட்டவில்லை. அதே வரிசையில் நின்று அதே வண்டிக்கு வேலை செய்தாலும், அவர்களுடைய சீட்டில் வேறு பெயர் இருந்தது. கான்டீனில் பாத்திரம் கழுவியவர்கள், கம்பெனி பஸ் ஓட்டியவர்கள், உதிரிபாகம் செய்து கொடுத்த சிறு பட்டறைகளில் வேலை பார்த்தவர்கள், ஷிப்ட் விடும் நேரத்தை நம்பி டீக்கடை போட்டவர்கள், இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்ட விதவைத் தாய்மார்கள். இவர்கள் யாரும் எந்தப் பேச்சுவார்த்தை மேசையிலும் உட்காரவில்லை. 4,000 என்ற எண்ணிக்கைக்குள் இவர்கள் இல்லை.

வீடு மந்திரிக்கப் போகும்போது நாங்கள் கேட்பவை பெரும்பாலும் பணத்தைப் பற்றியவையும் அல்ல. ஆலை நின்ற பிறகும் சில வாரங்கள் அதே நேரத்துக்கு எழுந்து, குளித்து, எங்கே போவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. இரவு ஷிப்டுக்குப் பழகிய உடம்பு இரவில் தூங்க மறுக்கிறது. மனைவி தையல் வேலைக்கோ கடை வேலைக்கோ போகத் தொடங்குகிறார். அதை நன்றியோடு ஏற்கிற கணவர்கள் உண்டு, அதையே குத்திக்காட்டலாக எடுத்துக்கொண்டு குடிக்கப் போகிறவர்களும் உண்டு. மகளுக்கு வரன் பார்க்க வருகிறவர்கள், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்பார்களே என்று, சொந்தக்காரர் கம்பெனியில் சூப்பர்வைசர் என்று சொல்லி வைக்கிறார்கள். ஒரு சிலர் திருப்பலிக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். கடவுள்மேல் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். கோபம் இருந்தால் வந்து சண்டை போட்டிருப்பார்கள். திருப்பாடல் ஆசிரியர்கள் அதைத்தானே செய்தார்கள்? இவர்கள் வராததற்குக் காரணம் நாம். வாசலில் நாம் கேட்கும் கேள்வி. “இப்ப என்ன பண்ணிட்டு இருக்கீங்க?”

அந்தக் கேள்விக்கு விடையில்லாமல் நின்றவர்களை இயேசுவும் பார்த்திருக்கிறார். மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டத்து உவமை இருக்கிறது. தோட்டக்காரர் விடியற்காலையில் சந்தைவெளிக்குப் போகிறார். பிறகு ஒன்பது மணிக்கு, நண்பகலில், மூன்று மணிக்கு. கடைசியாக ஐந்து மணிக்கும் போகிறார். அப்போதும் ஆட்கள் நிற்கிறார்கள். ஏன் நாள் முழுதும் சும்மா நிற்கிறீர்கள் என்று அவர் கேட்கிறார். எங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்பதே அவர்கள் விடை. இந்த உவமைக்கு மறையுரை ஆற்றும் நாங்கள் வழக்கமாகக் கூலி கொடுக்கும் காட்சிக்கே ஓடிவிடுகிறோம், முணுமுணுப்பவர்களைக் கண்டிக்கிறோம். ஐந்து மணிவரை நின்றவர்களின் நாள் எப்படி இருந்திருக்கும்? ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நின்றவன் அழைக்கப்படுகிறான். தான் அழைக்கப்படவில்லை. வீட்டுக்கும் போக முடியாது, போனால் பிள்ளைகள் பார்ப்பார்கள். சோம்பேறி ஐந்து மணிவரை சந்தையில் நிற்கமாட்டான். பத்து மணிக்கே நிழல் தேடிப் போயிருப்பான். நின்றார்கள் என்பதே அவர்களுக்குச் சாட்சி.

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஆலைகள் இருக்கின்றனவே, அங்கே போகலாமே என்கிறோம். போனார்கள். இருபது வயதுப் பயிற்சியாளர்களைத் தேடும் வாசலில் நாற்பத்திரண்டு வயதுக்காரர் வரிசையில் நின்றார். அனுபவம் அதிகம் என்று சொல்லி அனுப்பினார்கள். அனுபவம் ஒரு குறையாகிப்போன விந்தையை என்னவென்று சொல்வது?

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இளைஞராக இருந்தபோது போலந்தில் கல்குவாரியிலும் இரசாயன ஆலையிலும் கூலி வேலை செய்தவர். 1981ஆம் ஆண்டு அவர் மனித உழைப்பைப் பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். குருமடத்தில் அதை நாங்கள் தேர்வுக்காகப் படித்தோம். பங்குக்கு வந்த பிறகுதான் அதன் பொருள் பிடிபட்டது. அதில் நேரடி முதலாளி, மறைமுக முதலாளி என்று இருவரைச் சொல்கிறார். சம்பளம் கொடுப்பவர் நேரடி முதலாளி. அவர் எப்படி நடந்துகொள்வார் என்பதைத் தீர்மானிக்கிற அரசுகள், சட்டங்கள், நாடுகளுக்கு இடையிலான வணிக ஏற்பாடுகள், சமூக வழக்கங்கள் எல்லாம் சேர்ந்து மறைமுக முதலாளி. வேலை இழந்தவரும் அவர் குடும்பமும் உயிர்வாழ வழி செய்வது இரக்கத்தின் பேரில் போடும் பிச்சையல்ல, உலகின் பொருள்கள் எல்லாருக்கும் உரியவை என்பதிலிருந்து வருகிற கடமை என்கிறார். மிச்சிகனில் எடுத்த முடிவை நம் பங்குப் பேரவை மாற்ற முடியாது. ஆனால் நம் பங்கிலேயே லேத் பட்டறை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், பள்ளி நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், ஒப்பந்தத்துக்கு ஆள் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வயதைப் பார்த்து விண்ணப்பத்தை ஒதுக்கும் கை எங்கோ தொலைவில் மட்டும் இல்லை.

இப்போது நல்ல செய்தி ஒன்றும் வந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் அதே நிறுவனம் அதே ஆலையை மீண்டும் பயன்படுத்த விருப்பம் தெரிவித்தது. 2025 அக்டோபர் 31 அன்று தமிழ்நாடு அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. 3,250 கோடி ரூபாய் முதலீடு, 2029 முதல் இஞ்சின் தயாரிப்பு, 600க்கும் மேற்பட்டோருக்கு வேலை என்று அறிவித்திருக்கிறார்கள். மகிழ்கிறோம். வேலை வருகிறது என்றால் மகிழத்தான் வேண்டும். ஆனாலும் கணக்கைப் பாருங்கள். 2022இல் வெளியே வந்தவருக்கு 2029இல் ஏழு வயது கூடியிருக்கும். அந்த வாசல் திறக்கும்போது உள்ளே போகிறவர்களில் அவர் இருப்பாரா? பழைய தொழிலாளர்களுக்கு முதலில் வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்பதில் தவறொன்றும் இல்லை. அவர்கள் கேட்க வெட்கப்படலாம். பங்காக நாம் சேர்ந்து கேட்கலாம், மனு எழுதலாம், நம் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுக்கலாம். இஞ்சின் எப்படிச் செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதுவரை நம் கைக்கு எட்டியதைச் செய்வோம். வருங்கால வைப்பு நிதியை அவசரத்தில் முழுவதும் எடுத்துவிட வேண்டாம். பத்து ஆண்டுகள் சேவை முடித்தவருக்கு 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. தொகை சிறியதுதான், ஆனால் மாதம் தவறாமல் வரும். இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு, வேலை இழந்தால் ஊதியத்தில் பாதியை 90 நாள்வரை தரும் திட்டம் ஒன்று உண்டு. இதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. உங்களுக்குப் பொருந்துமா, இப்போது நடைமுறை என்ன என்று இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் நேரில் விசாரியுங்கள், தரகரிடம் போகாதீர்கள். அன்பியப் பொறுப்பாளர்களே, இந்த வாரம் உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால் போய் வாருங்கள். அறிவுரை வேண்டாம். குடிப்பழக்கத்தைப் பற்றி முதல் நாளே பேச வேண்டாம். அவர் கார் கட்டிய கதையைக் கேளுங்கள். ஒரு கதவு சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்பதை அது சாத்தும் ஓசையிலேயே கண்டுபிடிப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

மே முதல் நாள் திருப்பலியில் வழக்கம்போலக் காணிக்கைப் பவனியில் தொழிற்கருவிகள் மந்திரிக்கப்படும். கொத்தனார் கரண்டி கொண்டு வருவார், தையற்காரர் கத்தரிக்கோல் கொண்டு வருவார். கொண்டுவர ஒன்றும் இல்லை என்று யாரும் வீட்டில் இருந்துவிட வேண்டாம். பழைய சீருடையோ பழைய அடையாள அட்டையோ பெட்டிக்குள் இருந்தால் அதைக் கொண்டு வாருங்கள். அதுவும் பீடத்தின்முன் வைக்கப்படும். திருப்பலிக்குப் பிறகு, வைப்பு நிதி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் பங்கு அலுவலகத்தில் மதியம்வரை இருப்பார். பாஸ்புக், ஆதார், கடைசி சம்பளச் சீட்டு, இந்த மூன்றையும் எடுத்து வாருங்கள்; படிவம் அவரே நிரப்பித் தருவார். மனைவியும் கூட வந்தால் நல்லது, வாரிசு நியமனத்தையும் அப்போதே சரிபார்த்துவிடலாம்.