கிறிஸ்துவின் விலங்கேடு: ஷார்பொன்னோ-லாசேயின் வாழ்வும் பணியும்



விலங்கினை விலங்காக மட்டுமே காண்பது ஒரு பார்வை. அதனுள்ளே ஒரு பொருள் மறைந்து நிற்கின்றதெனக் கொண்டு நோக்குவது மற்றொரு பார்வை. இவ்விரண்டாவது பார்வையை ஆராய்வதிலே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட பிரெஞ்சு அறிஞர் ஒருவரைப் பற்றி இன்று சில கூற விரும்புகின்றேன். அவர் பெயர் லூயி ஷார்பொன்னோ-லாசே. பேரறிஞர் வரிசையிலே உலகம் அதிகம் பேசாத பெயர் அது. எனினும், அவர் செய்த பணி சிறியதன்று.

பிரான்சு தேசத்தின் மேற்குப் பகுதியிலே லூடுன் என்றொரு பழைய சிற்றூர் உண்டு. 1634ஆம் ஆண்டிலே உர்பேன் கிராந்தியே என்னும் குரு, சூனியஞ் செய்தாரெனக் குற்றஞ் சாட்டப்பட்டுத் தீயிலிடப்பட்ட ஊர் அதுவே. அவ்வூரில் 1871ஆம் ஆண்டு ஷார்பொன்னோ-லாசே பிறந்தார். இளமையிலே புனித கபிரியேல் சகோதரர் சபையைச் சார்ந்து ஆசிரியப் பணி புரிந்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பிரெஞ்சு அரசாங்கம் துறவற சபைகள் கல்வி புகட்டுவதைத் தடுத்தது. அச்சபையினர் பலர் கடல் கடந்து சென்றனர். தமிழ்நாட்டின் ஏற்காட்டிலே 1917ஆம் ஆண்டு மொண்ட்போர்ட் பள்ளியை நிறுவியவரும் இச்சபையினரே. ஷார்பொன்னோ-லாசேயோ இல்லற மாந்தரோடு வாழ்பவராய்ப் பிறந்த ஊரிலேயே தங்கி, தொல்பொருளாராய்ச்சியிலும் செதுக்குக் கலையிலும் மனத்தைச் செலுத்தினார். லூடுன் கோட்டைகளைப் பற்றி அவர் எழுதிய வரலாற்று நூல் 1915ஆம் ஆண்டு வெளிவந்தது.

ஊர் வரலாறு எழுதியவர் குறியீட்டு ஆராய்ச்சிக்கு வந்தது எவ்வாறு? பழைய கற்களே அவரை அவ்வழியில் அழைத்துச் சென்றன. லூடுனுக்கு அண்மையிலே ஷினோன் கோட்டை இருக்கின்றது. தேவாலய வீரர் சபையின் தலைவர் சிலர் 1308ஆம் ஆண்டு அங்கே சிறை வைக்கப்பட்டிருந்தனர். அக்கோட்டைச் சுவரிலே கீறப்பட்டுள்ள உருவங்கள் அவ்வீரர்களுடையன என்பது வழக்கு. கதிர் வீசும் இதயம் ஒன்றும் அவற்றுள் உண்டு. அதனைப் பற்றி அவர் 1922ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். யேசுவின் திரு இருதயத்தைப் பற்றிய ஆய்வுகளைத் தாங்கி வந்த 'ரெஞாபித்' என்னும் இதழிலே அவர் தொடர்ந்து எழுதலானார். மறைஞான நூல்களால் பெயர் பெற்ற ரெனே கெனோனை அவ்விதழுக்கு அறிமுகஞ் செய்தவரும் அவரே. கெனோன் பின்னர் கெய்ரோ நகரிலே முஸ்லிமாக வாழ்ந்து 1951ஆம் ஆண்டு மறைந்தார். ஷார்பொன்னோ-லாசே இறுதிவரை கத்தோலிக்கராகவே வாழ்ந்தார். அந்த வேறுபாடு அவர்களது நட்பைக் கெடுக்கவில்லை.

இவ்வாராய்ச்சியெல்லாம் சேர்ந்து கனிந்த கனியே 'கிறிஸ்துவின் விலங்கேடு' என்னும் பெருநூல். பெல்ஜிய நாட்டின் புரூஜ் நகரிலே 1940ஆம் ஆண்டு அது வெளிவந்தது. ஏறத்தாழ ஆயிரம் பக்கங்கள், 1157 படங்கள். அப்படங்கள் ஒவ்வொன்றையும் ஆசிரியரே தம் கையால் மரத்திற் செதுக்கினார். முத்திரைகள், நாணயங்கள், மோதிரங்கள், கல்லறைகள், ஆலயத் தூண்கள், குலச் சின்னங்கள் ஆகியவற்றிலே தாம் கண்டவற்றை அவர் பதிவு செய்தார். கிறிஸ்தவத்துக்கு முற்பட்ட எகிப்தியர், கிரேக்கர் முதலியோரின் குறிகளையும் ஒப்புநோக்கினார்.

அந்நூல் கூறும் பொருளுக்குச் சில எடுத்துக்காட்டுகள் தருவேன். ஆதிக் கிறிஸ்தவர் மீனைத் தம் அடையாளமாகக் கொண்டனர். மீன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் ஐந்து எழுத்துக்களும், 'யேசு கிறிஸ்து, இறைவனின் மகன், மீட்பர்' என்னும் கிரேக்கச் சொற்களின் முதலெழுத்துக்களாய் அமைகின்றன. சிங்கக் குட்டி இறந்தே பிறக்குமென்றும், மூன்றாம் நாள் தந்தைச் சிங்கம் வந்து அதனை உயிர்ப்பிக்குமென்றும் 'பிசியோலோகஸ்' என்னும் பழைய கிரேக்க நூல் கூறும். உயிர்த்தெழுதலின் குறியாகச் சிங்கம் ஆலயங்களிலே இடம் பெற்றமைக்கு இக்கதை ஒரு காரணம். கூழைக்கடாப் பறவையோ தன் மார்பைக் கிழித்துக் குருதியாலே குஞ்சுகளை வாழ்விக்கும் என்றனர். அது தியாகத்தின் உருவமாயிற்று.

'கூழைக்கடா அவ்வாறு செய்வதில்லையே' என்று விலங்கியல் அறிந்தோர் கூறலாம். உண்மைதான். அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும் என்று நம் புலவர் கூறியபோது, எவரும் பாற்கிண்ணத்தோடு குளக்கரைக்குச் சென்று சோதித்தாரில்லை. அங்கே பறவை சொல்ல வந்தது நன்மை தீமை பகுத்தறியும் உள்ளத்தை. இம்முறையிலேயே பழைய விலங்கேடுகளையும் வாசிக்க வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரே விலங்கு இரு பொருள் தரும். விவிலியத்திலே யூதா குலத்துச் சிங்கம் மீட்பரைக் குறிக்கும். கர்ச்சித்துத் திரியும் சிங்கம் அலகையைக் குறிக்கும். ஏதேனில் வஞ்சித்த பாம்பும் உண்டு. பாலைநிலத்திலே மோயீசன் உயர்த்திய, நோக்கியோரைப் பிழைக்கச் செய்த வெண்கலப் பாம்பும் உண்டு. ஷார்பொன்னோ-லாசே இவ்விரு பக்கத்தையும் மறையாது காட்டினார். குறியைக் கண்டவுடன் பொருள் கூறிவிடலாகாது. அது எவர் கையிலே, எவ்விடத்திலே, எக்காலத்திலே நின்றது என வினவ வேண்டும் என்பதே அவர் நூலிலிருந்து நாம் பெறும் பாடம்.

நூல் வெளிவந்த ஆண்டையும் எண்ணிப் பாருங்கள். 1940ஆம் ஆண்டு மே மாதத்திலே ஜெர்மன் படைகள் பெல்ஜியத்துட் புகுந்தன. அச்சிட்ட பிரதிகளோ 500 அளவின. 1943ஆம் ஆண்டிலே, விற்காது எஞ்சியிருந்த பிரதிகளிற் பெரும்பாலானவை யுத்த அழிவிலே தீக்கிரையாயின. பல்லாண்டு உழைப்பு சில நாழிகையிலே சாம்பராயிற்று. ஆசிரியருக்கு அப்பொழுது வயது எழுபதைக் கடந்திருந்தது. கிறிஸ்துவின் திருக்காயங்களைப் பற்றிய மற்றொரு நூலுக்கும் அவர் உழைத்து வந்தார். அது அச்சேறுமுன் 1946ஆம் ஆண்டு டிசம்பரில் லூடுனிலே காலமானார். அதன் கையெழுத்துப் பிரதியும் பின்னர் காணாமற் போயிற்று.

ஆயினும் விலங்கேடு முற்றாக அழியவில்லை. தீயினின்றுந் தப்பிய சில பிரதிகளைக் கொண்டு 1970களிலே இத்தாலியின் மிலான் நகரில் அது மறுபதிப்புப் பெற்றது. 1991ஆம் ஆண்டு சுருக்கமான ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. சிதைந்த தூண்களினின்றும் தேய்ந்த நாணயங்களினின்றும் அவர் பெயர்த்தெடுத்த உருவங்களிற் சில, அவற்றின் மூலங்கள் மறைந்தாலும் அந்தப் பக்கங்களிலே நிலைத்து நிற்கும். நம் ஊர்ப் பழைய மண்டபத்தின் தூணிலே ஒரு யாளியையோ மீனையோ நாம் காணுமிடத்து, அதைச் செதுக்கியவன் எதனை எண்ணிச் செதுக்கினான் என ஒரு கணம் நின்று வினவுவோமாக. அவ்வினாவுக்கு விடை கூறவல்ல முதியோர் இருக்கும்போதே அதனை எழுதி வைத்தல் நன்று.