கெத்சமனியில் அஞ்சிய மனம்



கடவுள் மனிதரானார் என்றதும் இயேசு கடவுளா என்ற வழக்கைத்தான் நாம் முதலில் கையில் எடுக்கிறோம். 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள், இயேசுவின் முழு இறைமையை மறுத்த ஆரியுஸுக்கு விடை சொன்னது அந்த வழக்கில்தான். ஆனால் அவரை முழு மனிதராக ஏற்பதே விசுவாசிகளுக்கு அதைவிடக் கடினமாக இருந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அவர் உடலே வெறும் தோற்றம் என்றவர்கள் தொடக்கக் காலத்திலேயே இருந்தார்கள். உரோமையில் விலங்குகளுக்கு இரையாகக் கொண்டுபோகப்பட்ட அந்தியோக்கியா இஞ்ஞாசியார், வழியில் எழுதிய கடிதங்களில் அவர்களோடுதான் மல்லுக்கு நின்றார்.

உடலை ஒப்புக்கொண்ட பிறகு மனத்தில் வந்து இடறிற்று. நிசேயாவை ஆதரித்து நின்ற லவோதிக்கேயா ஆயர் அப்பொலினாரியுஸே, கிறிஸ்துவில் மனித அறிவின் இடத்தில் இறைவார்த்தை இருந்தது என்றார். நாசியான்சு கிரகோரியார் விடவில்லை. பாவத்தில் முதலில் சறுக்குவது மனம். அதை விட்டுவிட்டு உடலை மட்டும் ஏற்றால் மீட்கப்படுவது எது என்று கேட்டார். 451இல் கல்சதோன் சங்கம் இரு இயல்புகளையும் கலக்காமல், பிரிக்காமல் அறிக்கையிட்டது. அதோடு ஓய்ந்ததா என்றால், இல்லை.

ஏழாம் நூற்றாண்டில் கல்சதோனை ஏற்றவர்களையும் மறுத்தவர்களையும் ஒட்டவைக்க, கிறிஸ்துவுக்கு ஒரே சித்தம் என்றது அரசு. 648இல் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டன்ஸ், ஒன்றா இரண்டா என்ற பேச்சையே எடுக்கக் கூடாதென்று ஆணையிட்டார். மாக்சிமுஸ் என்ற துறவி வாயை மூடவில்லை. அவர் சுட்டிய இடம் கெத்சமனி. இரவு நேரம், சீடர்கள் தூங்குகிறார்கள், இயேசு தரையில் விழுந்து, வரப்போவது விலகாதா என்று மன்றாடுகிறார்; பிறகு தந்தையின் விருப்பத்துக்கு இணங்குகிறார். சாவுக்கு அஞ்சி, பின் இணங்கிய அந்தச் சித்தம் மனித சித்தம் இல்லையென்றால் செபம் வெறும் நாடகமாகிவிடும். இதற்காக 662இல், எண்பதைத் தாண்டிய அந்த முதியவரின் நாக்கையும் வலக்கையையும் வெட்டி, கருங்கடலின் கீழ்க்கரைக்கு நாடு கடத்தினார்கள். அவர் அந்த ஆண்டே இறந்துபோனார். 681இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் அவர் சொன்னதையே தீர்ப்பாக்கியது. தீர்ப்பில் அவர் பெயர்தான் இல்லை. சங்கங்களின் நன்றியுணர்ச்சி அவ்வளவுதான்!

இயேசுவின் மனிதத்தன்மையை வலியுறுத்தியவர் நம் ஊரிலும் உண்டு. சென்னையில் வாழ்ந்த வெங்கல் சக்கரை, இயேசுவை அவதாரம் என்று தயங்காமல் எழுதியவர். வந்த காரியம் முடிந்ததும் கலைந்துபோகிற அவதாரம் அன்று இது, உயிர்த்தெழுந்த பின்னும் இயேசு மனிதராகவே இருக்கிறார் என்பதைச் சக்கரை வற்புறுத்தினார். இந்த அவதாரக் கருத்தை வைணவ மரபோடு ஒப்பிட்டு எழுதுகிறவர்கள் இரு தரப்பு மூலங்களையும் படித்துவிட்டு எழுதினால் நல்லது.

இந்தக் கருத்தரங்கின் கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். இறுதி நாள் மகனுக்கும் தெரியாது என்கிற மாற்கு 13ஆம் அதிகாரத்தைச் சுற்றி வளைத்துத் தாண்டிவிடாதீர்கள். அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸே அதை மனித இயல்புக்குரிய அறியாமை என்று சொல்லியிருக்கிறார்; மழுப்பியவர்கள் பின்னால் வந்தவர்கள். அங்கிருந்தே விவாதத்தைத் தொடங்கலாம். முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.