கதை எழுதுவோர் நாடவேண்டியது



சிருஷ்டி எழுத்தாளரின் இலட்சியம் யாது என்பதுபற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்துள்ளார்கள். நான்கைந்து கதைகளே எழுதியுள்ள நாம் உபதேசம் செய்வது பொருந்தாது. ஆதலால், நாம் எழுதிக் கெடுத்த ஒரு கதையிலிருந்தே தொடங்குகிறோம்.

அது ஒரு சீவல் தொழிலாளியின் கதை. மிஷன் பாடசாலையிற் கற்ற நாம், ஆங்கில நாவல்களில் வரும் ஏழைகளுக்காகக் கண்ணீர் விட்டவர்கள். எம் வேலிக்கப்பால் காலையும் மாலையும் பனையேறி இறங்கிய மனிதரின் பெயரையோ அறிந்திலோம். ஆயினும் எழுதினோம். கதாநாயகன் பனையுச்சியில் நின்று, நிலவை நோக்கி, சமூகத்தின் கொடுமையை இரண்டு பக்கத்திற்குச் செந்தமிழிற் பழித்தான். நண்பர்கள் மெச்சினார்கள். அந்த மெச்சுதலில் மயங்கி, அம்மனிதருக்கே கதையை வாசித்துக் காட்டினோம். படலையடியில் நின்றபடியே அவர் கேட்டார். இருக்கச் சொல்ல எமக்குத் தோன்றவில்லை. முடிவில், "தம்பி, மேலை நிண்டு ஆர் நிலவு பாக்கிறது? தளைநார் நைஞ்சு போச்சோ எண்டெல்லோ பாக்கிறது" என்றார்.

தளைநார் என்பது ஏறும்போது கால்களைப் பிணைத்து மரத்தைப் பற்றச்செய்யும் நார்வளையம். அது அறுந்தால் அவர் குடும்பத்தின் கதி என்ன? அவருடைய அச்சத்தை அறியாமல், எம்முடைய கோபத்தை அவர் வாயிற் புகுத்தியிருந்தோம். கோபம் நியாயமானதுதான், ஆனால் அது அவருடையதன்று. பாத்திரத்தின் நெஞ்சை அறிந்தபின் பேனாவை எடுப்பதே கதாசிரியரின் முதற்கடமை என்று அன்று உணர்ந்தோம்.

1960களின் முற்பாதியில், கதைகளிற் பேச்சுத்தமிழைக் கையாள்வது "இழிசனர் வழக்கு" என்று ஈழத்துப் பண்டிதர் சிலர் கண்டித்தனர். டொமினிக் ஜீவா, கே. டானியல் போன்றோர் அதற்கு அஞ்சி ஒதுங்கவில்லை. ஜீவா யாழ்ப்பாணத்திற் சிகையலங்கார நிலையத்திலே தொழில்செய்தபடி எழுதியவர். 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கியவர். டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வெளிவந்தது. தாம் அறிந்த வாழ்வையே எழுதியமையால் அவர்களுக்கு மொழி தானே வந்தது. இன்று சிலர் "இஞ்சை", "உங்கை" என்று நாலு சொல்லைத் தூவிவிட்டு மண்வாசனை என்கின்றனர். அது சந்தையில் வாங்கிய வாசனை. ஏழைகள் யாவரும் உத்தமர், செல்வர் யாவரும் கொடியர் என்று எழுதுவதும் சோம்பலே. முற்போக்கு அணியாரின் கதைகள் சிலவற்றிலும் அக்குறை உண்டு.

அக்கதையை நாம் மீண்டும் எழுதுகிறோம். இம்முறை நாயகன் பேசுவது குறைவு. அந்திப்பொழுதில் அவர் வரவை எதிர்பார்த்திருக்கும் மனைவியே கதை சொல்கிறாள். அந்த அம்மாவிடம் நாம் இன்னும் பேசவில்லை. அவர்கள் வீட்டுத் திண்ணையில் இருந்து தேநீர் அருந்தினால் எம் வீட்டார் என்ன சொல்வார்களோ என்ற தயக்கம், பெரியோர்களே, எமக்கு இருந்தது. வருகிற ஞாயிறு போகிறோம்.