ஸ்டாலுக்கு என்ன பலகாரம்?



தங்க வயலில் ஸ்டால் போடுவது புதுசு இல்லை. சர்ச் திருவிழா வரும். அம்மன் திருவிழா வரும். பள்ளிக்கூட ஆண்டு விழா வரும். கூட்டம் கூடும் இடத்தில் ஒரு மேஜை போட்டு, பலகாரம் விற்று, ஒரு நல்ல காரியத்துக்குப் பணம் சேர்ப்பார்கள்.

ஒரு லைனில் பத்துப் பெண்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். லைனில் உள்ள பெண் பிள்ளைகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். ஆளுக்கு 50 ரூபாய் போடுகிறார்கள். மொத்தம் 500 ரூபாய். இதுதான் முதல்.

இந்த 500 ரூபாய் சும்மா வந்த பணம் இல்லை. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மைன்ஸ் மூடப்பட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் விடிகாலை ரயில் ஏறி பெங்களூருக்குப் போனால்தான் சம்பளம். அப்படி வந்த பணத்தில் எடுத்துக் கொடுத்த 50 ரூபாய். அது தொலையக் கூடாது. கூட நாலு காசைக் கொண்டு வர வேண்டும். அப்படியானால் என்ன பலகாரம் செய்வது?

ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒருவர் கேக் என்பார். கேக் நல்லதுதான். ஆனால் அடுப்பு? கிறிஸ்துமஸ் சமயத்தில் கேக் மாவை வீட்டில் கலந்து, ட்ரேயில் ஊற்றி, பேக்கரிக்குத் தூக்கிப் போய்ச் சுட்டு வாங்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அதற்கும் கூலி கொடுக்க வேண்டும். வெட்டி வைத்த கேக் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். விற்காமல் நின்றால் யார் தலையில் கட்டுவது?

இன்னொருவர் பானிபூரி என்பார். பக்கத்தில் பங்காரப்பேட்டை இருக்கிறது. அங்கே பானிபூரிக்கு உள்ள பேர் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கையோடு போட்டி எதற்கு? தண்ணீர் சுத்தமாக இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு வேறு. வேண்டாம்.

சூடாக வடை, போண்டா? உடனே போகும், உண்மைதான். ஆனால் மழை வந்து கூட்டம் கலைந்தால் மாவு புளிக்கும். பணம் போச்சு.

இதே கேள்வி 1959-இல் பம்பாயிலும் வந்தது. கிர்காம் என்ற இடத்தில் ஏழு குஜராத்திப் பெண்கள். பெரிய படிப்பு இல்லை. வீட்டு வேலை முடிந்த பிறகு நாலு காசு சம்பாதிக்க வேண்டும் என்று நினைத்தார்கள். அவர்களில் ஒருவர் ஜஸ்வந்திபென் பொபட். அவர்கள் புதிதாக எதையும் தேடிப் போகவில்லை. தினமும் வீட்டில் உருட்டித் தேய்த்த உளுந்து அப்பளத்தையே எடுத்துக்கொண்டார்கள். சகன்லால் பாரேக் என்ற சமூக சேவகர் 80 ரூபாய் கடன் கொடுத்தார். மார்ச் 15-ஆம் தேதி மொட்டை மாடியில் உட்கார்ந்து தேய்த்தார்கள். முதல் நாள் எத்தனை பாக்கெட் தெரியுமா? நாலே நாலு. தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்தார்கள்.

பிறகு மழைக்காலம் வந்தது. அப்பளம் காயவில்லை. நாலு மாதம் வேலை நின்றது. நம் வீடாக இருந்தால் என்ன சொல்வோம்? "ராசி இல்லாத தொழில்" என்போம். அவர்கள் அடுத்த வருஷம் ஒரு கட்டிலும் ஒரு ஸ்டவ்வும் வாங்கினார்கள். கட்டில் மேல் அப்பளம். கட்டிலுக்கு அடியில் ஸ்டவ். மழையிலும் அப்பளம் காய்ந்தது!

இன்னொரு விஷயமும் நடந்தது. உயர்ந்த சரக்கு ஒன்று, மட்டமான சரக்கு ஒன்று, மலிவாக விற்கலாம் என்று யோசித்தார்கள். பாரேக் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே தரம்தான் என்றார். முதல் வருஷ விற்பனை 6,196 ரூபாய். லிஜ்ஜத் அப்பளம் என்று இன்று கடையில் தொங்குகிறதே, அது இதுதான். இன்று பல்லாயிரம் பெண்கள் அதில் வேலை செய்கிறார்கள். ஜஸ்வந்திபென்னுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள்.

சரி, நம் லைனுக்கு வருவோம். இங்கே கைக்குத் தெரிந்த பலகாரம் எது? கடலை உருண்டை உண்டு. நிப்பட்டு உண்டு. அச்சு முறுக்கு உண்டு. ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் அதையே ரோஸ் குக்கி என்பார்கள். எந்தச் சாதி, எந்த மதம் என்று இல்லாமல் எல்லா வீட்டிலும் பிள்ளைகள் கை நீட்டும் பலகாரம். டப்பாவில் போட்டு இறுக மூடினால் பத்து நாள் மொறுமொறுப்பு போகாது. ரயிலில் போகிறவர்கள் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். திருவிழா அன்று விற்காததை மறுநாள் விற்கலாம்.

இப்போது சிலேட்டை எடுங்கள். கணக்குப் போடுவோம். விலை கடைக்குக் கடை மாறும். நம் கடை விலையைக் கேட்டு மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

அரிசி மாவு 1 கிலோ 60 ரூபாய். சர்க்கரை 400 கிராம் 20 ரூபாய். தேங்காய் இரண்டு 70 ரூபாய். முட்டை நாலு 28 ரூபாய். கேஸ் 40 ரூபாய். கவர் 27 ரூபாய். எண்ணெய்? இதைத்தான் பலர் மறந்துவிடுவார்கள். வேகும்போது அரை லிட்டர் குறையும். 75 ரூபாய். கூட்டுங்கள். 320 ரூபாய்.

ஆனால் அரை லிட்டர் எண்ணெயில் அச்சு முழுகுமா? முழுகாது. சட்டியில் ஒன்றரை லிட்டராவது இருக்க வேண்டும். அதற்கு 225 ரூபாய். ஆகவே கையில் இருக்க வேண்டிய பணம் 320 இல்லை, 470. நம் 500-இல் மிச்சம் 30 ரூபாய்தான். மீந்த ஒரு லிட்டர் எண்ணெய் அடுத்த ஈட்டுக்கு ஆகும்.

150 முறுக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். உடைந்தது, பிள்ளைகள் தின்றது 25. மீதி 125. ஐந்து ஐந்தாகப் போட்டால் 25 பாக்கெட். பாக்கெட் 20 ரூபாய் என்றால் 500 ரூபாய். இதில் செலவு 320 போனால் 180 ரூபாய் நிற்கும்.

இன்னும் ஒரு கணக்கு. 16 பாக்கெட் விற்றால் 320 ரூபாய். போட்டது திரும்பிவிட்டது. 17-ஆவது பாக்கெட்டில் இருந்துதான் பிள்ளைகளின் பரீட்சைப் பணம். பத்துப் பாக்கெட்டோடு நின்றால் 120 ரூபாய் நஷ்டம். அதனால் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே வீடு வீடாகக் கேளுங்கள். யாருக்கு எத்தனை பாக்கெட் என்று நோட்டில் எழுதுங்கள். 16 பேர் வந்த பிறகு அடுப்பைப் பற்ற வையுங்கள்.

இந்தக் கணக்கில் கூலி இல்லை. பத்துப் பெண்களின் உழைப்பு பிள்ளைகளுக்குக் கொடுத்த நன்கொடை. நாளைக்கு இதையே பிழைப்பாகச் செய்தால் கூலியை எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் லாபம் போலத் தெரியும், கையில் ஒன்றும் நிற்காது.

செய்முறை உங்களுக்குத் தெரியாததா? என்றாலும் புதுக் கைகளுக்கு ஒரு வார்த்தை. அச்சு எண்ணெயில் நன்றாகக் காய வேண்டும். மாவில் முக்கால் பாகம்தான் முக்க வேண்டும். மேல் விளிம்பு வரை முக்கினால் முறுக்கு அச்சை விட்டுக் கழலாது. சூடு ஆறாமல் கவரில் போடாதீர்கள். வேர்த்து நமுத்துப் போகும்.

ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு சீட்டு. பலகாரத்தின் பெயர், செய்த தேதி, விலை. முட்டை போட்டது என்றும் எழுதுங்கள். முட்டை சாப்பிடாதவர்களுக்கு அது தெரிய வேண்டும். 25 சீட்டையும் நம் மையத்துப் பெண்களே எழுதலாம்.

இப்போது சொல்லுங்கள். யார் வீட்டில் அச்சு இருக்கிறது?