வெள்ளிப் பதக்கமும் செங்கல் சூளையும்

(ஊர்காவற்றுறைக்குப் போட்டிக்கு வந்த தோட்டத்துப் பிள்ளைகளின் பெற்றோர் மத்தியில் பேசியது)



நேற்று நயினாதீவு அம்மனைக் கும்பிட்டுவிட்டு வள்ளத்தில் திரும்பும்போது, கடைசியாக ஓடி வந்த ஒரு பிள்ளையை "தின்ற சோறு தெண்டம்" என்று ஏசினதைக் கேட்டோம். அதனால்தான் சாந்தியின் கதையைச் சொல்கிறோம்.

சாந்தி சௌந்தரராஜன் இந்தக் கடலுக்கு அந்தப் பக்கம், புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண். எங்கள் பாட்டன் பூட்டன்மார் எத்தனையோ பேர் புறப்பட்டு வந்த சீமைதான். செங்கல் சூளைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. 2006இல் டோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓடி வெள்ளி வென்றார். பிறகு பாலினப் பரிசோதனை வைத்தார்கள். பெண்கள் பிரிவில் ஓடத் தகுதியில்லை என்று பதக்கத்தைத் திருப்பி வாங்கினார்கள். பெண்ணாகவே வளர்ந்த பிள்ளை. களவு செய்யவில்லை, ஊக்கமருந்து எடுக்கவில்லை. ஆனாலும் ஊருலகமெல்லாம் பேப்பரில் போட்டார்கள். 2007இல் உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்தார், நல்லவேளை, தப்பினார். 2012இல் சூளையில் நாட்கூலிக்கு நின்றார். பிறகு பயிற்சியாளர் படிப்புப் படித்து, பிள்ளைகளை ஓடப் பழக்கினார்.

அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மனம் சரியில்லை என்று பாதியில் விலகினார். 2024இல் பாரிஸில் மறுபடி தங்கம் வென்றார். அவருக்கு விலக இடம் கொடுத்தார்கள். சாந்திக்கு யார் கொடுத்தார்கள்?

பிள்ளை சாப்பாட்டை ஒதுக்கினால், இரவில் தூங்காவிட்டால், மைதானப் பக்கமே போக மறுத்தால், பேய்க்கோளாறு என்று அலையாதீர்கள். டொக்டரிடம் காட்டுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் போன் எடுக்கலாம். கிளினிக்குக்குப் போனால் அரைப்பேர் போய்விடுமே என்றால் எங்களிடம் வாருங்கள், துரையிடம் நாங்கள் பேசுகிறோம்.